அளவு தெரியாத பெருமை

தமிழ் இலக்கிய வாசகர்களிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அளவு தச்சனுக்கும் கணக்கனுக்கும் உரியது, ரசனை அதற்கு அப்பாற்பட்டது என்பதே அது. அடிக்கோலைக் கையில் எடுத்தவன் கவிதையைத் தவறவிடுவான் என்று மேடையில் சொன்னால் இன்றும் கைதட்டல் கிடைக்கும். இந்த நம்பிக்கை தவறானது என்பதோடு, நம் நினைவுகளை அழிக்கக்கூடியது என்பதும் என் தரப்பு. அதை நிறுவ, இலக்கியத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவின் முதல் பாதாள ரயிலுக்கு ஒரு சிறிய மாதிரி செய்ய வேண்டுமென்றால், அதன் சரியான அளவுகளை எங்கிருந்து பெறுவது?

முதலில் அந்த ரயில் யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தா பாதாள ரயிலுக்கு 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் தொலைவுக்கு வண்டி ஓடியது. இதுவரை எல்லாப் பொது அறிவுப் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்தப் பெட்டிகள் சென்னை பெரம்பூரில், 1955இல் நேரு தொடங்கிவைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை என்பது பலருக்கு நினைவில் இல்லை. வங்காளத்தின் பெருமையாகப் பேசப்படும் அந்த வண்டியின் உடல் நம் ஊர்த் தொழிலாளர்களின் கைவேலை. குளிர்சாதன வசதி இல்லாத அந்தத் தலைமுறைப் பெட்டிகள் முப்பத்தேழு ஆண்டு உழைத்து, 2021 அக்டோபரில் பணியிலிருந்து முழுமையாக விடைபெற்றன.

ஓய்வுபெற்ற ரயில் பெட்டிக்குப் பெரும்பாலும் ஒரே கதிதான், பழைய இரும்பு. எஞ்சப்போவது சில புகைப்படங்களும் சில செய்திக் குறிப்புகளும் மட்டுமென்றால், பெரம்பூரின் அந்த வேலை உண்மையில் எப்படி இருந்தது என்பதை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து யாராலும் சொல்ல முடியாது. 'அழகாக இருந்தது', 'பெருமையாக இருந்தது' என்று மட்டும் சொல்லலாம். அதைத்தான் நாம் எல்லாவற்றைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காஞ்சிபுரத்தில் என் மாணவர் ஒருவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, இந்தப் பெட்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி அட்டையிலும் தகட்டிலும் செய்ய முனைந்தார். நீளம் கேட்டுத் தேடியதில் மூன்று இடங்களில் மூன்று எண்கள் அவருக்குக் கிடைத்தன. எங்கிருந்து எங்கு வரை அளந்தது என்ற குறிப்பு ஒன்றிலும் இல்லை. "ஐயா, இதில் எது சரி?" என்று கேட்டார். மூன்றுமே சரியாக இருக்கலாம் என்பதுதான் விடை. அந்த விடை எவ்வளவு பயங்கரமானது என்பதை விளக்க வேண்டும்.

*

ஒரு ரயில் பெட்டிக்கு 'நீளம்' என்று ஒன்று கிடையாது. பெரம்பூரில் பல்லாண்டுகளாகச் செய்யப்பட்ட, நாமெல்லாம் பயணம் செய்த சாதாரண அகலப்பாதைப் பெட்டியைப் பாருங்கள். அதன் உடலின் நீளம் 21,337 மி.மீ. இரு முனைகளிலும் உள்ள பஃபர்களையும் சேர்த்து அளந்தால் 22,297 மி.மீ. வேறுபாடு 960 மி.மீ. எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கினால் மாதிரியில் அது 11 மி.மீ. வருகிறது. கைக்கடக்கமான ஒரு பொருளில் 11 மி.மீ. பிழை என்பது முகத்தில் இரண்டு மூக்கு வைப்பதற்குச் சமம். 'நீளம் 22.3 மீட்டர்' என்று எழுதிய செய்தியாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி உடலைச் செய்தவர் கெட்டார்.

அகலமும் அப்படித்தான். தொலைதூர வண்டிப் பெட்டியின் அகலம் 3,245 மி.மீ. புறநகர் மின்தொடர் வண்டியின் பெட்டி அகலம் 3,658 மி.மீ. ஒரே தொழிற்சாலை, ஒரே தண்டவாள அகலம், ஆனால் 413 மி.மீ. வேறுபாடு. கல்கத்தா பாதாளப் பெட்டியோ சுரங்கத்துக்காகவே தனியாக வடிவமைக்கப்பட்டது. இவை இரண்டையும்விடக் குறுகலானது. 'பெரம்பூர்ப் பெட்டிதானே, புறநகர் வண்டியின் அளவையே போட்டுக்கொள்ளலாம்' என்று கிளம்புகிறவர் செய்து முடிக்கும் பொருள் அந்தச் சுரங்கத்துக்குள் நுழையவே நுழையாது.

உயரத்துக்கு வருவோம். உயரம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுவது. பெட்டியின் சக்கரமோ தேயும் பொருள். சாதாரணப் பெட்டியின் புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ.; 825 மி.மீ. ஆனதும் அதைக் கழித்துவிடுவார்கள். ஆரத்தில் 45 மி.மீ. குறைகிறது. அதை ஈடுகட்டப் பணிமனையில் இடையே தகடு வைத்து உயர்த்துவார்கள். ஆகவே, உயரம் என்று ஓர் எண்ணைச் சொல்பவர் சக்கரம் புதியதா தேய்ந்ததா, பெட்டி காலியா ஆள் ஏறியதா என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாத எண் அளவு ஆகாது, வதந்திதான்.

'புகைப்படம் இருக்கிறதே, அதிலிருந்து அளந்துகொள்ளலாமே' என்பார்கள். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் தெரியும், அதை வைத்து மற்றதைக் கணக்கிடலாம் என்பது வாதம். போகி என்று நாம் பேச்சில் பெட்டியையே சொல்கிறோம். தொழிலாளர் மொழியில் அது பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் பூட்டிய சட்டம். சாதாரணப் பெட்டியின் போகியில் இரண்டு அச்சுகளுக்கு இடையே 2,896 மி.மீ. இருக்கும். அதை அளவுகோலாகக் கொண்டு பக்கவாட்டுப் படத்தில் பெட்டியின் நீளத்தை அளந்தால் என்ன ஆகும்? சக்கரம் பெட்டியின் பக்கச்சுவருக்கு நேர்க்கீழே இல்லை. ஏறத்தாழ முக்கால் மீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. கேமரா பதினைந்து மீட்டர் தொலைவில் இருந்தால், அருகில் உள்ள சுவர் தொலைவில் உள்ள சக்கரத்தைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு பெரிதாகத் தெரியும். 21 மீட்டர் பெட்டி கணக்கில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். படம் பொய் சொல்லவில்லை. படத்தை வாசிக்கத் தெரியாதவர் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்கிறார்.

இன்னொரு பொறியும் உண்டு. இந்திய ரயில்வே 'அளவுப் பட்டியல்' என்று ஒரு நூலை வெளியிடுகிறது. அதில் வரும் எண்கள் பெட்டியின் அளவுகள் அல்ல, பெட்டி மீறக்கூடாத எல்லைகள். அகலப்பாதைப் பயணிகள் பெட்டிக்கு 3,250 மி.மீ. என்று எல்லை வைத்தால், பெட்டி 3,245இல் நின்றுகொள்கிறது. வேலியை அளந்துவிட்டு வீட்டை அளந்ததாகச் சொல்லும் தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது.

*

இப்போது நம் துறைக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் எதுவும் தமிழ் படித்தவனுக்குப் புதிதல்ல. ஒரு நூலுக்குப் பல சுவடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாடம். எது மூலம், எது எழுதியவர் கைப்பிழை, எது பிற்காலத் திருத்தம் என்று பிரித்தறிவதுதான் பதிப்பாசிரியர் வேலை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்தது இதைத்தான். கிடைத்த முதல் ஏட்டை அச்சுக்குக் கொடுத்து 'ஏறத்தாழச் சரி' என்று அவர் சொல்லியிருந்தால் இன்று நம் கையில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாடபேதம் காட்டினார். எந்தச் சுவடி எங்கிருந்து வந்தது என்று சொன்னார். அந்தக் கறார்த்தன்மையை நாம் வணங்குகிறோம். அதே கறார்த்தன்மையை ஒரு ரயில் பெட்டிக்குக் கேட்டால் சிரிக்கிறோம்.

ஒரு சிறு சான்று தருகிறேன். மேலே வந்த எண்களை மறுபடி பாருங்கள். 1,676 மி.மீ. என்ற நம் அகலப்பாதை ஐந்தரை அடி. 2,896 என்பது ஒன்பதரை அடி. 3,658 என்பது பன்னிரண்டு அடி. 21,337ஐ எழுபது அடியோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. மெட்ரிக் எண்ணுக்கு அடியில் அடிக்கணக்கு ஒளிந்திருக்கிறது. பிற்கால உரைநடைக்குள் பழைய செய்யுளின் ஓசை எஞ்சியிருப்பதைக் கண்டுபிடிக்கும் காது வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறோம். அந்தக் காதுதான் இங்கும் வேண்டும். 'அடி' என்ற ஒரே சொல்லை யாப்புக்கும் நீளத்துக்கும் வைத்திருக்கும் மொழி நம்முடையது. நாற்சீர் அடிக்கு அளவடி என்று பெயரிட்டவர்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். வெண்பாவின் ஈற்றுச்சீர் ஓரசை தவறினால் அது வெண்பா இல்லை என்று மதிப்பெண் குறைக்கும் நாம், அளவு ரசனைக்குப் பகை என்று எந்த வாயால் சொல்கிறோம்?

என் ஊரிலேயே இதற்கு விடை இருக்கிறது. பட்டுச்சேலையின் வேலைப்பாட்டை முதலில் கட்டத்தாளில் வரைகிறார்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். ஒரு துளை தவறினால் அந்தப் பிழை சேலை நெடுகத் திரும்பத் திரும்ப விழும். கட்டத்தாள் இருக்கும்வரை, சேலை கந்தலாகிப் போனாலும் அந்த அன்னத்தை மறுபடி நெய்யலாம். அது தொலைந்தால் 'எங்கள் பாட்டி காலத்தில் ஒரு சேலை இருந்தது' என்ற பெருமூச்சு மட்டும் மிஞ்சும். கைலாசநாதர் கோயிலையும் சொல்ல வேண்டும். அலெக்சாண்டர் ரீ பல்லவர் கோயில்களை அளந்து வரைந்த படங்கள் 1909இல் நூலாக வந்தன. எட்டாம் நூற்றாண்டுக் கோயில் ஒன்றின் திட்டப்படத்தைப் புத்தகத்தில் திறந்து பார்க்க முடிகிறது. 1980களில் பெரம்பூரில் செய்த வண்டிக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்று கேட்பது அதிகமா?

*

எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

முதலாவது: 'பொம்மைக்கு எதற்கு இத்தனை துல்லியம்?' இந்தக் கேள்வியை இங்கிலாந்துக்காரர்களிடம் கேட்டிருந்தால் ஒரு நீண்ட சண்டையின் வரலாறு கிடைத்திருக்கும். அங்கே பெருவழக்கான ஓ.ஓ. அளவு மாதிரிகளில் வண்டி அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் செய்யப்படுகிறது. ஓடும் தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். கணக்குப்படி அது 18.83 ஆக இருக்க வேண்டும். வசதிக்காகச் செய்த சமரசத்தால் எல்லா வண்டிகளும் கால் ஒடுங்கி நின்றன. அதை ஏற்க மறுத்த சிலர் 1960களில் 18.83 மி.மீ. தண்டவாளத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள். அவர்களைக் கிறுக்கர்கள் என்றார்கள். இன்று அந்த நாட்டில் துல்லியம் என்றால் அவர்களையே சுட்டுகிறார்கள்.

நம் நிலைமை இன்னும் சிக்கலானது. எண்பத்தேழில் ஒன்று என்ற அளவில் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம்; உலகின் 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்யப்பட்டது. நம் 1,676 மி.மீ. பாதைக்கு 19.26 மி.மீ. வேண்டும். 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோ 1,435 மி.மீ. பாதையில் செல்வதால் கடைத் தண்டவாளத்தில் ஒழுங்காக உட்காரும். நம் பெரம்பூர்க்காரர்கள் செய்த, நாட்டின் முதல் பாதாள வண்டி உட்காராது. இதை அறியாமல் செய்கிற மாதிரியில் பெட்டி சரியாகவும் கால்கள் ஒடுங்கியும் இருக்கும். பார்க்கும் குழந்தை அதையே உண்மை என்று நம்பும். மாதிரி என்பது கண்ணால் வாசிக்கும் வரலாற்று நூல். பிழையுள்ள வரலாற்று நூலைப் பொம்மை என்று சொல்லி மன்னிக்க முடியாது.

இரண்டாவது: 'பழைய வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதானே?' இல்லை. பாதாள ரயில் வரலாற்றில் பொதுவான அளவு என்று எதுவுமே இருந்ததில்லை. வண்டி சுரங்கத்தின் குழந்தை. 1890இல் லண்டனில் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் பாதையின் சுரங்கக் குழாய் சில பகுதிகளில் 10 அடி 2 அங்குல விட்டம்தான். அதற்குள் அடங்கும்படி பெட்டி செய்தார்கள். உள்ளே பார்க்க எதுவும் இல்லை என்று ஜன்னலை உச்சியில் ஒரு கீற்றாக வைத்தார்கள். பஞ்சு வைத்த சிறை அறை என்று மக்கள் கேலிசெய்தார்கள். 1920களில் குழாயையே 11 அடி 8¼ அங்குலமாக அகலப்படுத்திய பிறகுதான் பெரிய வண்டிகள் நுழைந்தன. 1896இல் திறந்த புடாபெஸ்ட் பாதை தெருவுக்குச் சற்றே கீழே ஓடுவதால் அதன் பெட்டிகள் குள்ளமானவை. அதே ஆண்டு திறந்த கிளாஸ்கோ பாதையின் தண்டவாள அகலம் வெறும் நான்கு அடி. ஒன்றின் அளவை இன்னொன்றுக்கு ஊகிப்பவர் கம்பனின் பாடலுக்கு ஒட்டக்கூத்தரின் உரையை எழுதுகிறவர்.

அவர்களுக்கு அளவு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1890இன் அந்தச் 'சிறை அறை'ப் பெட்டியை லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கலாம். 1892இல் மெட்ரோபாலிட்டன் ரயில்வேக்காகச் செய்த ஒரு பெட்டியை மீட்டெடுத்துச் செப்பனிட்டு, 2013இல் அந்தப் பாதையின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவில் நீராவி வண்டியோடு இணைத்து ஓட்டினார்கள். பொருளையே காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு அளவுநாடா ஒன்று போதும்.

மூன்றாவது எதிர்வாதம் அலுவலகங்களில் வாழ்வது: 'வரைபடம் தர முடியாது, பாதுகாப்பு.' ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் மின்சுற்றுக்கும் சமிக்ஞை அமைப்புக்கும் இது பொருந்தலாம். லட்சக்கணக்கான பயணிகள் முப்பத்தேழு ஆண்டு சாய்ந்து நின்ற சுவரின் அகலமும் கதவின் உயரமும் எந்த நாட்டின் ரகசியம்? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 'தகவல்' என்பதற்குத் தரும் வரையறையில் ஆவணங்களோடு மாதிரிகளையும் சேர்த்திருக்கிறது. மைய அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள். மறுக்க வேண்டுமென்றால் எந்தப் பிரிவின்கீழ் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். 'பாதுகாப்பு' என்று வாயால் சொல்லி அனுப்பிவைப்பது மறுப்பல்ல, சோம்பல்.

*

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

ஒன்று, பணியிலிருந்து விடைபெற்ற ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் பக்கம், முகப்பு, கிடை என மூன்று தோற்றங்களையும் காட்டும் பொது அமைப்பு வரைபடம் பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து எங்கு வரை, எந்த நிலையில் என்ற குறிப்போடு இருக்க வேண்டும். இடையில் செய்த மாற்றங்கள் ஆண்டோடு பதிவாக வேண்டும்.

இரண்டு, ஒரு பெட்டியை உடைப்பதற்கு முன் ஒருநாள் அதை அளக்க அனுமதிக்க வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்கள் நாலு பேரும் இரண்டு அளவுநாடாக்களும் போதும்.

மூன்று, இது மாதிரி செய்பவர்களுக்கு. உங்கள் மாதிரியின் அடியில் ஒரு தாளை ஒட்டுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் எதிரே நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: பொருளில் அளந்தது, வரைபடத்தில் கண்டது, படத்திலிருந்து கணித்தது, ஊகித்தது. ஊகிப்பது குற்றமல்ல. ஊகத்தை அளவு என்று காட்டுவதுதான் குற்றம். நாளை ஒருவருக்கு நல்ல வரைபடம் கிடைத்தால் எதைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். என் மாணவரின் பெட்டியில் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் 'ஊகித்தது' என்றே இருக்கிறது. நான் பார்த்த மாதிரிகளில் நேர்மையானது அதுதான்.

நான்கு, இது நமக்கு. தமிழரின் தொழில்திறன், தமிழரின் கைவண்ணம் என்று மேடையில் முழங்குகிறவரிடம் இனி ஒரு கேள்வி கேட்போம்: எத்தனை மில்லிமீட்டர்? பதில் தெரியாதவர் பெருமைப்படக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிலைத் தேட ஒரு பத்து ரூபாய் செலவழித்துவிட்டுப் பெருமைப்படட்டும்.